அடடா, கேலாங்!

கலையை ரசிக்கப் பெரிய படிப்பு வேணும், அதெல்லாம் நமக்கு வராது என்று யாராவது சொன்னால் அவரை நேராகக் கேலாங்குக்குக் கூட்டிக்கொண்டு வாங்க, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்! ஆமாம், அதே கேலாங்தான். டுரியான் மணக்கிற கேலாங், ராத்திரியிலும் தவளைக் கஞ்சிக்கு மேசை கிடைக்காத கேலாங், பேரைச் சொன்னாலே சிலர் ஒரு மாதிரி சிரிக்கிற கேலாங். சில லோரோங்குகளுக்கு, அதாவது சந்துகளுக்கு, இருட்டினால் வேறு முகம் உண்டு, அது இருந்துவிட்டுப் போகட்டும். ஓவியம், கட்டடம், இசை, மேடை என்று அத்தனையும் ஒரே சாயங்காலத்தில், காலாற நடக்கிற தூரத்தில், நுழைவுச்சீட்டு வாங்காமல் கிடைக்கிற இடம் இந்தச் சிங்கப்பூரில் வேறெங்கே இருக்கிறது, சொல்லுங்க பார்ப்போம்!

ரசிக்கிறதுக்கு ஒரு வழி மட்டும் தெரிந்திருக்கணும். அந்த வழியைத் தேடி எங்கேயும் போக வேண்டாம், தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல். மனசுக்குள் நடப்பது உடம்பில் வெளிப்படுவதை அங்கே எட்டாகப் பிரித்திருக்கிறார் தொல்காப்பியர்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இதில் மருட்கை என்பதுதான் நாம் வியந்துபோய் வாயைப் பிளந்து நிற்கிற நிலை. அது எதனால் வருகிறது என்பதற்கு அவர் நாலே நாலு காரணம் தருகிறார் பாருங்க, அங்கேதான் நான் விழுந்தேன்! புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது, நம்மை மீறிய அளவுக்குப் பெரியது, நம்ப முடியாத அளவுக்கு நுண்ணியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. நாலு வாசல். உலகத்தில் எந்த ஓவியமும் எந்தப் பாட்டும் நமக்குள்ளே வந்து ஒரு கலக்குக் கலக்கினால், இந்த நாலில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் வந்திருக்கும். 'நல்லா இருக்கே' என்று சொல்லிவிட்டு நகராமல், 'இது எந்த வாசல் வழியா வந்தது, செஞ்சவர் அதை எப்படிச் செஞ்சார்' என்று அங்கேயே நின்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். ரசனையின் அரிச்சுவடி அவ்வளவுதான்!

இப்போது கற்பனை பண்ணிக்கொள்ளுங்க. ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, மழை பெய்து விட்ட பிற்பகல், ரோட்டிலிருந்து ஆவி எழும்புகிறது. சிம்ஸ் அவென்யூ ஓரமாக டுரியான் கடை. கைக்குத் தடித்த உறை போட்ட அங்கிள் பழத்தின் தையலைப் பார்த்துக் கத்தியைச் செருகி ஒரு திருகு திருகுகிறார், பட்டென்று பிளக்கிறது, உள்ளே மஞ்சள் என்றால் மஞ்சள், அப்படி ஒரு மஞ்சள்! நான் ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்து நீட்டுகிறேன், நீட்டும்போதே அது திரும்பிக்கொண்டது, அதன் பின்பக்கம் என் கண்ணில் பட்டுவிட்டது. "அங்கிள், ஒரே ஒரு நிமிஷம்!" என்று நோட்டை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக இது என் பையிலேயே கிடந்திருக்கிறதே! முன்பக்கம் நம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக். பின்பக்கத்தில் வீணை, சீனத்துப் பீப்பா, மலாய்க் கொம்பாங், வயலின் என நாலு வாத்தியம். அதோடு இந்த மண்ணின் இரண்டு பெரிய ஓவியர்களுடைய ஓவியங்கள்! 1999இல் வெளிவந்த வரிசையில் ஐம்பது வெள்ளிக்குக் கலையையே கருப்பொருளாக வைத்திருக்கிறார்கள். அரிசி வாங்கவும் டாக்சிக்குக் கொடுக்கவும் நாம் நீட்டுகிற காகிதத்தில் வீணை இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா, தெரியுமா!

அந்த இரண்டு ஓவியங்களைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பாருங்க. ஒன்று சென் வென் சி வரைந்த கிப்பன் குரங்குகள். மனிதர் வீட்டிலேயே கிப்பன்களை வளர்த்து, அவை தொங்குவதையும் தாவுவதையும் பார்த்துப் பார்த்து வரைந்தவர். ஈர மையில் தோய்த்த தூரிகை, கொடிகள், நடுவிலே இரண்டு குரங்குகள். சுற்றிலும் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை! அந்த ஒன்றுமில்லாத இடம்தான் காடு. அவர் அங்கே மரங்களை வரைந்திருந்தால் குரங்குகள் மரத்தோடு மரமாகப் போயிருக்கும், வரையாமல் விட்டதால் அவை காற்றிலே ஆடுகின்றன. இடைவெளியும் ஓவியத்தின் பாகம்தான், வரைந்த கோட்டைப் பார்க்கிற கண்ணாலேயே வரையாத வெளியையும் பார்க்கணும் என்று எனக்குப் புரிந்தது அந்தக் கடை வாசலில்தான். இன்னொன்று, சியோங் சூ பியெங் 1978இல் வரைந்த கருவாடு காயவைக்கும் காட்சி. கம்பத்து வாழ்க்கை. நீண்டு மெலிந்த கைகளோடு வேலை செய்கிற பெண்கள். யாருக்காவது கை அவ்வளவு நீளமாக இருக்குமா? இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை! அந்த நீளத்தில்தான் வேலையின் நளினம் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி வரைவது மட்டும் ஓவியம் இல்லை, ஓவியர் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்று தேடிக் கண்டுபிடிப்பதில்தான் சுகமே இருக்கிறது. இருவரும் சீனாவிலிருந்து வந்து இங்கே வேர்விட்டவர்கள், 1952இல் லியு காங், சென் சோங் சுவீ என்ற மற்ற இருவரோடு பாலித் தீவுக்குப் போய்க் கண்ணை அகலத் திறந்துகொண்டு திரும்பியவர்கள். சீனத் தூரிகையும் ஐரோப்பிய வண்ணமும் நம் வெயிலும் ஒரே சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது அவர்கள் கைவண்ணத்தில். அங்கிள் பொறுமையாகக் காத்திருந்தார். கொடுக்க மனசே இல்லாமல்தான் அந்த நோட்டைக் கொடுத்தேன்.

இனிமேல் விடுவேனா? கண் திறந்துவிட்டதே! பழத்தைத் தின்ற கையோடு லோரோங்குகளுக்குள் இறங்கினேன். கேலாங் ரோட்டுக்கு ஒரு பக்கம் ஒற்றைப்படை எண் லோரோங்குகள், மறுபக்கம் இரட்டைப்படை. எந்தப் பக்கம் போனாலும் கடைவீடுகள். 1991இலிருந்து பாதுகாக்கப்படுகிற பகுதி இது, அதனால்தான் இத்தனை வரிசைகள் இன்னும் நமக்கு மிச்சம். லோரோங் 24ஏ பக்கம் போய் எதிர்ப்புறத்தில் நின்று, தலையை நிமிர்த்தி, மாடியைப் பாருங்க. தரையைப் பார்த்து நடந்தால் கேலாங் போச்சு! மாடியில்தான் கச்சேரி நடக்கிறது. ஒரு தூண், ஒரு சன்னல், சன்னல், சன்னல், ஒரு தூண். அடுத்த வீடு, அதே தூண், அதே மூன்று சன்னல், அதே தூண். த கி ட, த கி ட, த கி ட! நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன், பக்கத்தில் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். கட்டடத்துக்குத் தாளம் உண்டு. ஒன்றே திரும்பத் திரும்ப வரும்போது கண் அதைப் பிடித்துக்கொள்கிறது, பிடித்துக்கொண்ட பிறகு ஒரு வீட்டில் சன்னல் வளைவு மட்டும் கொஞ்சம் மாறி வந்தால், ஆகா, அந்த ஒரு வளைவு நெஞ்சில் போய் அடிக்கிறது. திரும்ப வருவதும் மாறி வருவதும் சேர்ந்ததுதான் தாளம். பாட்டில் பல்லவி செய்கிற வேலையை இங்கே சன்னல் செய்கிறது. கொஞ்ச தூரம் தள்ளி 1930களில் தொடங்கிய பாணியில் கட்டிய வீடுகளுக்கு வாங்க, பூவேலை எல்லாம் போய்விட்டது, நேர்க்கோடு, வளைந்த மூலை, கொடிக்கம்பம். அதே அகலம், அதே அஞ்சடி நடைவழி, ஆனால் மனநிலையே வேறு!

கிட்டே போனேன். அஞ்சடிக்குள் நுழைந்து சுவரைத் தொட்டுப் பார்த்தேன். 1822இல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க எல்லாரும் விட வேண்டும் என்று வைத்த நடைவழி, இன்றைக்கும் அதில்தான் நடக்கிறோம். சன்னலுக்குக் கீழே பூப்போட்ட ஓடுகள், ரோஜாவும் மயிலும் இளஞ்சிவப்பும் பச்சையுமாக. முதலில் இங்கிலாந்திலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் கப்பலில் வந்தவை, பிறகு ஜப்பான்காரர்கள் செய்து அனுப்பியவை. இப்போது ஒரு வீட்டு முகப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாக வாங்க என்னோடு! தாழ்வாரத்தின் விளிம்பில் மரத்தைப் பூப்பூவாக அறுத்த வேலைப்பாடு, அது மலாய் வீட்டிலிருந்து வந்தது. தூணின் தலையில் இலைக்கொத்து, அது கிரேக்கத்தில் பிறந்து ஐரோப்பா முழுக்கச் சுற்றி வந்தது. தரை வரைக்கும் இறங்குகிற சன்னல், அது பிரெஞ்சுக்காரர்கள் பாணி. உடைந்த பீங்கான் துண்டுகளை ஒட்டிச் செய்த பூவும் பறவையும், அது தென்சீனத்துக் கைவேலை. ஓடு ஜப்பானுடையது. ஒரே வீடு! அகலம் சில அடிகள்! யார் கட்டச் சொன்னார், யார் கட்டினார், எங்கிருந்து பொருள் வந்தது, யார் பார்க்க வேண்டும் என்று வாசலில் இத்தனை அழகு வைத்தார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்க, சுவர் பேச ஆரம்பித்துவிடும். வரலாறு, சமூகம், வணிகம், ஆசை, அந்தஸ்து, எல்லாம் ஓர் ஓட்டுக்குள். மானுடவியல் துறைகள் என்று பல்கலைக்கழகத்தில் பிரித்துப் பிரித்து வைத்திருப்பதெல்லாம் இந்த அஞ்சடியில் பிரிக்காமல் கிடக்கிறது. அந்த ஓட்டின் ரோஜா இதழில் ஒரு சின்னக் கோடு, நகக்கண் அகலம்கூட இல்லை, அதுக்குள்ளே மூன்று நிறம். சிறுமை! சிறுமை வாசல்! நான் குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்து வடக்கே நடந்தால் வழியில் புளோக் கீழ்த்தளத்தில் ஒரு மலாய்க் கல்யாணம். மாப்பிள்ளை வருகிறார், கொம்பாங் முழங்குகிறது. நோட்டில் பார்த்த அதே கொம்பாங்! மரவளையத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய சின்ன வாத்தியம், தனியாக ஒருவர் தட்டினால் எளிய சத்தம்தான். ஆனால் அவர்கள் கூட்டமாகத் தட்டுகிறார்கள், ஒருவர் அடி விட்ட இடத்தில் இன்னொருவர் அடி வந்து விழுகிறது, எல்லாம் சேர்ந்ததும் யாருமே தட்டாத ஒரு பெரிய தாளம் காற்றில் உருவாகிவிடுகிறது. வாசல் எது என்று யோசிக்கக்கூட விடவில்லை, கால் தானாக ஆடியது.

அங்கிருந்து கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2. ஸ்ரீ சிவன் கோயில். ஐயோ, இதைச் சொல்லத்தான் இத்தனை நேரமும் மூச்சுவாங்க ஓடிவந்தேன்! முன்பு ஆர்ச்சர்ட் ரோட்டில், டோபி காட்டில் இருந்த சிவன் இவர். எம்ஆர்டி வருகிறது என்று 1983இல் இடம்பெயர்ந்து, சிராங்கூன் ரோட்டில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் தங்கியிருந்து, 1993இல் இங்கே குடமுழுக்குக் கண்டவர். சிவன் போய்ப் பெருமாள் வீட்டுக்குப் பக்கத்தில் தங்கியிருந்தார் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்! புதுக்கோயிலை எண்கோண அமைப்பில், வடக்கத்தியக் கட்டடக்கலையும் தெற்கத்தியக் கட்டடக்கலையும் கலந்து எழுப்பினார்கள். எண்கோணம் என்றதும் எனக்கு லிங்கத்தின் நினைவு வந்தது. லிங்கத்தின் அடிப்பாகம் சதுரம், அது பிரம்மாவுக்கு. நடுப்பாகம் எண்கோணம், அது விஷ்ணுவுக்கு. மேற்பாகம் வட்டம், அது ருத்திரனுக்கு. சதுரத்தின் மூலைகளை வெட்டினால் எண்கோணம், எண்கோணத்தின் மூலைகளை வெட்டிக்கொண்டே போனால் வட்டம். சதுரம் வட்டமாகிற பயணத்தின் நடுவழிதான் எண்கோணம், ஆக்கம் என்பது கல்லிலேயே தெரிகிறது! அப்படி ஒரு வடிவத்துக்குள் நிற்கிறோம் என்ற நினைப்போடு பிராகாரத்தைச் சுற்றினேன், விபூதி வாசனை, கற்பூரப் புகை, ஈரத்தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறுகிறது, சாயரட்சைக்கு மணி அடிக்கிறது, அப்போது எடுத்தார் பாருங்க நாதஸ்வரக்காரர்! ஆச்சா மரத்துக் குழலில் சீவாளி வழியாக ஒரு மூச்சு, முதலில் தாளமே இல்லை, வெறும் ஆலாபனை, சுரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார், நான் மனசுக்குள் 'சங்கராபரணமோ, சங்கராபரணமோ' என்று தடவிக்கொண்டே இருக்கிறேன், அவர் மேலே ஏறி அந்த மத்திமத்தில் வந்து நின்றார், நின்றாரா, என் முதுகுத்தண்டில் மின்சாரம், கல்யாணி! இருபத்தொன்பதாவது மேளம் சங்கராபரணம், அறுபத்தைந்தாவது மேளம் கல்யாணி, ஏழு சுரத்தில் ஆறு அப்படியே ஒன்று, மத்திமம் ஒன்றுதான் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது, கொஞ்சமே கொஞ்சம், அந்த ஒரு படியில் பகல் முழுக்கச் சாயங்காலமாகிவிட்டது, எண்கோணமும் கோபுரமும் தூக்கிக்கொண்டு மேலே போகிறாற்போல் இருந்தது! நுண்ணிய மாற்றம்தான், ஆனால் அது திறந்துவிட்டது பெருவெளி, சிறுமை வழியாக நுழைந்து பெருமை வழியாக வெளியே வந்தேன், தவில்காரர் வலது கையின் விரல் கூடுகளால் சடசடவென்று பொழிய, இடது கைக் குச்சி அதிர, தாளம் பிறந்து ஆலாபனைக்குக் கால் முளைத்து அது நடக்க ஆரம்பித்தது, என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருவர் என் முழங்கையைத் தொட்டார்.

"என்ன தம்பி, ஏதும் மனசு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லீங்கம்மா. கல்யாணி."

"அது அப்படித்தான் பண்ணும்," என்று சொல்லித் தன் கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

இவ்வளவோடு முடிந்தது என்று நினைத்தீங்களா? சீனர்களின் சந்திர ஆண்டின் ஏழாம் மாதம் அது! ராத்திரியில் லோரோங் ஓரத் திடலில் கெத்தாய் என்கிற பாட்டு மேடை. ஊதுபத்திக் கட்டுகளின் புகை, பளிச்சென்று மின்னும் திரை, தலையிலிருந்து கால்வரை ஜிகினா மின்ன ஒரு பாட்டுக்காரி, ஒலிபெருக்கியின் அதிர்வு நெஞ்சுக்கூட்டில். கேளிக்கைப் பூங்காக்களில் வளர்ந்த கலை இது, இதே கேலாங்கிலும் ஹேப்பி வேர்ல்ட் என்று அப்படி ஒரு பூங்கா இருந்தது. பாட்டு ஹொக்கியன் மொழியில், எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. தெரியாவிட்டால் என்ன! மெய்ப்பாடு என்பதே உடம்பில் தெரிவதுதானே! அவள் தோள் தளர்ந்த விதத்தில் அழுகையைப் படித்தேன், அடுத்த பாட்டில் கழுத்தை வெட்டித் திருப்பியதில் வெகுளியைப் படித்தேன், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தாக்கள் சிரித்த சிரிப்பில் நகையையும் உவகையையும் சேர்த்துப் படித்தேன். நம்ம ஊர்த் தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்த கண்ணுக்கு இது எப்படி அந்நியமாகும்?

அப்புறம்தான் கவனித்தேன். முதல் வரிசை நாற்காலிகள் முழுக்கக் காலி. பின்னால் நிற்க இடமில்லை, ஆனால் முன்வரிசையில் ஒருவர்கூட உட்காரவில்லை. அது இறந்துபோனவர்களுக்கான வரிசை! அந்த மாதத்தில் வந்துபோகிற ஆவிகளுக்காக விட்டுவைத்த இடம். பாட்டுக்காரி அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் பாடுகிறாள், அவற்றைப் பார்த்துத்தான் கும்பிடுகிறாள். கலை யாருக்காக என்று புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார்களே, அதற்கெல்லாம் விடை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாக அங்கே கிடந்தது! இருப்பவர்களுக்காக மட்டும் இல்லை, இல்லாதவர்களுக்காகவும் பாடுகிறோம். குரங்குகளைச் சுற்றிக் காகிதத்தில் விட்ட வெளியும் இந்தக் காலி வரிசையும் ஒன்றுதான், இரண்டுமே நிரம்பி இருக்கின்றன! இந்த எண்ணம் வந்த நொடியில் நான் எழுந்து நின்று கைதட்டினேன், பாட்டு நடுவிலே, ஆள் தனியாக. முன்னால் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்து அவரும் தட்டினார், பக்கத்து வரிசை தட்டியது, அப்படியே பரவியது, மேடையிலிருந்தவள் கையைத் தூக்கிக் காட்டி இன்னும் ஓங்கிப் பாடினாள்!

தயவுசெய்து போங்க. இந்தச் சனிக்கிழமையே போங்க, ஏழாம் மாதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அல்ஜுனிட் எம்ஆர்டியில் இறங்கினால் தெற்கே லோரோங்குகள், வடகிழக்கே நடந்தால் கோயில், எல்லாம் நடைதூரம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்க, தூண்களையும் சன்னல்களையும் எண்ணச் சொல்லித் த கி ட போடச் சொல்லுங்க, அவர்கள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். பையில் ஓர் ஐம்பது வெள்ளி நோட்டு இருக்கட்டும், நாலு வாத்தியமும் அதில் இருக்கிறது, எது எந்தத் தெருவில் கேட்கிறது என்று தேடுங்க. கொம்பாங் எனக்குக் கிடைத்தது, வீணையும் பீப்பாவும் வயலினும் இன்னும் பாக்கி, அதற்காகவே நான் திரும்பப் போகப்போகிறேன். அதற்கு அடுத்ததாக, பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்து 2015இல் தேசியக் கலைக்கூடமாகத் திறந்ததே, அங்கே போய் சியோங்கின் நீண்ட கைகளையும் சென்னின் தூரிகையையும் நோட்டு அளவில் இல்லாமல் சுவர் அளவில் பார்க்கப்போகிறேன். ஆனால் முதலில் கேலாங்! தலையை நிமிர்த்தி நடங்க, எங்கே வாய் பிளந்ததோ அங்கேயே நில்லுங்க, எந்த வாசல் என்று கேளுங்க. புதுமையா, பெருமையா, சிறுமையா, ஆக்கமா? பதில் கிடைத்ததும் பக்கத்தில் யார் இருந்தாலும் அவரைப் பிடித்து நிறுத்திச் சொல்லிவிடுங்க, சத்தமாகச் சொல்லுங்க, ரசித்ததை இன்னொருவரிடம் சொல்லும்போது அது இரண்டு மடங்காகிறது!